சின்ன ‘ர’, பெரிய ‘ற’

பல் டாக்டரம்மாவுக்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஒன்று, நாய்க் கதை. இன்னொன்று, சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் வித்தியாசம் தெரியாதது. முதலாவதை அவர் மறைத்ததில்லை. இரண்டாவதை மறைக்க முடிந்ததில்லை.

கிளினிக் திறந்த புதிதில் வாசலில் ஒரு பலகை மாட்டினார். ‘இங்கே பற்கரை நீக்கப்படும், சொத்தைப் பல் நிறப்பப்படும்’ என்று தன் கைப்பட எழுதிக் கொடுக்க, பெயின்டரும் பூ வேலைப்பாடெல்லாம் சேர்த்து அப்படியே வரைந்துவிட்டார். வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய கணவர் சாயங்காலம் வந்து அண்ணாந்து பார்த்தார்.

“கரைய நீக்கிட்டா வெள்ளம் ஊருக்குள்ள வந்துடுமேம்மா” என்றார்.

“உங்க ஆபீஸ் சொல்ற வெள்ளமா? அதெல்லாம் வராதுங்க, பயப்படாதீங்க.”

வாயடித்துச் சமாளித்தாலும், மறுவாரம் ஒரு கல்லூரிப் பெண் வந்து, பல்லில் நிரப்ப என்னென்ன நிறம் இருக்கிறது, நீலம் கிடைக்குமா என்று ஆசையாகக் கேட்ட பிறகு பலகை இறங்கியது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்து டீச்சரும் தலைபாடாக அடித்துக்கொண்டார். “சின்ன ‘ர’ நாக்க வருடும், பெரிய ‘ற’ நாக்க உதைக்கும், சொல்லிப் பாரு.” இவரும் சொல்லிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரிதான் வருடின. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே எந்தப் பல் எது என்று சொல்லிவிடுகிறவருக்கு, இந்த இரட்டைப் பிள்ளைகளை மட்டும் அடையாளம் தெரியவில்லை.

நாய்க் கதைப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதற்குப் பெரிய வரலாறெல்லாம் கிடையாது. காலையிலிருந்து தன்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போகிற ஆட்களோடேயே புழங்குகிறவருக்கு, பார்த்ததும் வாலாட்டுகிற ஒருவன் தேவைப்பட்டான். அடுக்குமாடிக் குடியிருப்பில் நாய் வளர்க்கத் தடை. ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை’ என்று லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கணவர், “நல்லவேளை, நம்ம வீட்டுல நான் செல்லம் இல்ல” என்று பெருமூச்சு விடுவார்.

ஆகவே, காகித நாய். மூக்கன் என்று பெயர். போலீஸ் வேலையிலிருந்து துரத்தப்பட்டவன். காரணம், பிறந்ததிலிருந்து ஜலதோஷம். மோப்பம் என்பது மருந்துக்கும் கிடையாது. ஒவ்வொரு புத்தகத்திலும் மூக்கன் தப்பான ஆளைத்தான் துரத்துவான். துரத்தித் துரத்தி நாக்குத் தள்ளிப்போய்க் கடைசியில் யாருடைய செருப்பில் தலையை வைத்துத் தூங்குகிறானோ, அவன்தான் திருடன். எல்லாப் புத்தகமும் இதே கதைதான். டாக்டரம்மாவுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை. தினம் ஒரு புது ரகப் பல்லைப் பார்க்க வேண்டும் என்று அவர் என்றைக்காவது அடம் பிடித்திருக்கிறாரா?

இலக்கியத்துக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் சுருக்கமானது. கதையென்றால் கடைசிப் பக்கத்தில் நாய் உயிரோடு இருக்க வேண்டும். கவிதையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடாமல் புரிய வேண்டும். புத்தகக் கடையில் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி நாய்க்கு நாடி பார்த்துவிட்டுத்தான் விலையே விசாரிப்பார்.

இப்படி நாடி பார்த்து வாங்கிய புத்தகங்கள் வீட்டுக்குள் அடங்காமல் போனபோது, அவற்றைக் குடியிருப்பின் வாசகசாலைக்குக் கொண்டுவந்தார். வாசகசாலை என்பது தரைத்தளத்தில், தண்ணீர் மோட்டாருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஓர் அறை. மோட்டார் ஓடினால் கவிதை நடுங்கும். மேல்தட்டுகளில் யாரோ எப்போதோ கொடுத்த சட்டப் புத்தகங்களும் பழைய கலைக்களஞ்சியங்களும் இருந்தன. ஜன்னலோரம் கீழ்த்தட்டு இரண்டும் டாக்டரம்மாவுடையவை. ஒன்றில் மூக்கனும் அவன் சொந்தபந்தங்களும். இன்னொன்றில், கையில் எடுத்தால் கனக்காத கவிதைத் தொகுப்புகள்.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் அங்கே உட்கார்ந்து உரக்கப் படிப்பார். இஷ்டப்பட்டவர்கள் வரலாம். இரண்டாம் மாடி லாரி அண்ணன் தவறாமல் வருவார். லாரி ஓட்டுகிறவர். “சரக்கு இறக்குற நேரத்துல ஒரு கவிதை படிச்சா சரியா இருக்கும் டாக்டரே, கிளீனர் கூப்பிடறதுக்குள்ள முடிஞ்சுடும்” என்பார். இன்னொருவர் மேல்மாடிப் பேராசிரியரின் வீட்டம்மா. அவர் வருவது பேராசிரியருக்குத் தெரியாது. மருந்துக் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்து, போகும்போது ஒரு மூக்கனை மருந்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போவார். அவர் சிரிப்பு சத்தமே இல்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும். வீட்டில் அப்படிச் சிரித்துப் பழகியிருக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியர் வாசகசாலைத் தலைவரானார்.

அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர். தன் பெயர் தாங்கி வந்த எந்தப் புத்தகத்திலும் பிழைதிருத்தப் பட்டியல் என்ற ஒன்றை இணைக்க நேர்ந்ததில்லை என்பதை, அறிமுகமான முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுவார். ஒரு பழைய நூலுக்கு அவர் எழுதிய உரை தடித்தடியாகப் பல தொகுதிகள். அவை வைக்க இடமில்லாமல் வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடந்தன. ஜன்னலோரம், வெளிச்சமும் காற்றும் வருகிற இரண்டு தட்டுகளை அவர் பார்த்த பார்வையிலேயே டாக்டரம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

முதல் பொதுக்குழுவிலேயே பேராசிரியர் ஆரம்பித்தார்.

“வாசகசாலைன்னா ஒரு தரம் வேண்டாமா? நேத்து ஒரு புத்தகத்த எடுத்தேன். கதாநாயகனுக்கு நாலு கால்!”

“நாற்காலிக்கும் நாலு கால்தான் சார். அதுல உக்காந்துதானே பேசுறோம்” என்றார் டாக்டரம்மா.

சிரிப்பு எழுந்து, பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றியதும் அடங்கியது.

“கவிதைத் தட்டையும் பார்த்தேன். படிச்சதும் புரியுது. படிச்சதும் புரிஞ்சா அதுக்குப் பேர் கவிதையா, அறிவிப்பா?”

இங்கே டாக்டரம்மா ஒரு தவறு செய்தார். எழுந்து நின்று கெஞ்சினார். “சார், நாள் முழுக்க வேலை செஞ்சு களைச்சு வர்றோம். கனமா படிக்கத் தெம்பு இருக்காது. லேசா ஏதாவது இருந்தா ஒரு ஆறுதல். அதுக்குத்தான் சார். மத்தபடி இதெல்லாம் பெரிய இலக்கியம்னு நான் சொல்ல வரல.” சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கில் கசந்தது. மூக்கனைத் தெருவில் விட்டுவிட்டு ‘எங்க வீட்டு நாய் இல்லைங்க’ என்று சொன்னது மாதிரி இருந்தது.

பேராசிரியருக்கு அது போதும். “கேட்டீங்களா? அவங்களே ஒத்துக்கிட்டாங்க” என்று தீர்மானத்தைச் சொல்லச் சொல்ல, செயலாளர் என்ற முறையில் டாக்டரம்மாவே அதைக் கைபேசியில் தட்டச்சு செய்தார். செயலாளர் பதவிக்கு வேறு யாரும் கிடைக்காததால் அவர் செயலாளர்.

“இவ்வாசகசாலையில் உள்ள நாய்க் கதைகளையும் எளிய கவிதைகளையும் உறுப்பினர் அனைவரும் குறைக்க வேண்டும். இத்தீர்மானம் எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றப்பட வேண்டும். மீறுவோர் உறுப்பினர் தகுதியை இழப்பர்.”

கைகள் உயர்ந்தன. பேராசிரியர் வீட்டம்மாவின் கையும் உயர்ந்தது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்தார். அங்கேயே அச்செடுத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து பேராசிரியருடையது. பச்சை மையில், கடைசி எழுத்துக்கு ஒரு சுழி. அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசகசாலைச் சுவரில் அவரே ஆணியடித்து மாட்டினார். வருகிற சனிக்கிழமை பழைய பேப்பர்காரர் வந்து கீழ்த்தட்டுகளை அள்ளிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

லிஃப்டில் பேராசிரியர் வீட்டம்மா ஒதுங்கி நின்றார். “கை பழக்கத்துல தூக்கிடுச்சு டாக்டர்” என்றார் மெதுவாக.

“பரவாயில்லக்கா. வாய் பழக்கத்துல கெஞ்சிடுச்சு எனக்கும்.”

வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்தவர், கைபேசியில் இருந்த தீர்மானத்தைக் கணவரிடம் நீட்டினார். “படிங்க. உங்க பொண்டாட்டிக்கு அவளே கைப்பட எழுதின தண்டனை.”

கணவர் படித்தார். மறுபடி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை படித்தார். அதன்பிறகு அவர் செய்ததைச் சிரிப்பு என்று சொல்வதற்கில்லை. கட்டிலில் குப்புற விழுந்து தலையணையைக் கடித்தார்.

“என்னங்க? நெஞ்சு வலியா?”

“ஏம்மா… இதுல என்ன போட்டிருக்கே தெரியுமா? நாய்க் கதைகளையும் எளிய கவிதைகளையும் உறுப்பினர் அனைவரும்… குரைக்க வேண்டும்!”

“ஆமா. குறைக்கணும்னுதான் சொன்னார்.”

“அவர் சொன்னது பெரிய ‘ற’. நீ போட்டது சின்ன ‘ர’. லொள் லொள்னு குரைக்கணும்னு போட்டிருக்கே! எல்லாரும் கையெழுத்தும் போட்டிருக்காங்க!”

டாக்டரம்மாவின் முகம் முதலில் சிவந்தது. நீலப் பல் கேட்ட கல்லூரிப் பெண் நினைவுக்கு வந்தாள். டீச்சர் நினைவுக்கு வந்தார். “ஐயையோ, மானம் போச்சு. காலையில மொத வேலையா மாத்திடறேன்” என்று எழுந்தவர், எழுந்தபடியே நின்றார். நின்றபடியே மறுபடி கைபேசியைப் பார்த்தார்.

“ஏங்க.”

“ம்?”

“எழுத்துக்கு எழுத்து நிறைவேத்தணும்னு போட்டிருக்குல்ல?”

“போட்டிருக்கு.”

“மீறினா மெம்பர்ஷிப் போயிடும்ல?”

கணவர் தலையணையிலிருந்து முகத்தை எடுத்து மனைவியைப் பார்த்தார். வானிலை சொல்வதில் அவர் கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த முகத்தில் புயல் எப்போது உருவாகும் என்பது மட்டும் அவருக்குத் தப்பாமல் தெரியும். “நான் மெம்பர் இல்லம்மா” என்று முன்ஜாக்கிரதையாகச் சொல்லிவைத்தார்.

அந்த வாரத்திலேயே பேராசிரியருக்குக் கடைவாய்ப் பல்லின் கேப் கழன்றது. கையில் பொட்டலமாகச் சுற்றி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். மேடையில் சிங்கமாக நிற்கிறவர், சாய்வு நாற்காலியில் படுத்ததும் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அதைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் மனசு வழக்கம்போல இளகித் தொலைத்தது. எதிரியாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். வாயைத் திறந்துகொண்டு மல்லாந்து கிடப்பவனை என்ன செய்வது?

பயந்த நோயாளிகளுக்கு அவர் எப்போதும் சின்னதாக ஒரு கவிதை சொல்வார். இவருக்கும் சொன்னார்.

“குடையை மறந்து வந்தேன்.
மழையும்
என்னை மறந்திருந்தது.”

கைப்பிடியில் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. டாக்டரம்மா கேப்பைப் பொருத்தி அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

“சார், அந்தத் தீர்மானம். எழுத்துக்கு எழுத்து நிறைவேத்தணும் இல்லையா?”

“ஆ.”

“ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது?”

“ஆ… ஆ.”

“எல்லா மெம்பரும் செய்யணும்? தலைவர் உட்பட?”

“ஆ!”

வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து உட்கார்ந்த பேராசிரியர், திறந்த வாயால் சொன்னது போதாதென்று மூடித் திறந்தும் சொன்னார். “நான் கையெழுத்துப் போட்ட எதுலயும் இதுவரைக்கும் ஒரு புள்ளிகூட மாத்தினது கிடையாது டாக்டர். இனிமேலும் மாத்த விடமாட்டேன்.” கதவருகே போய்த் திரும்பினார். “அது என்ன, ஏதோ சொன்னீங்களே, குடைன்னு?”

“எளிய கவிதை சார். சனிக்கிழமை எடைக்குப் போகுது.”

“ஹும். மழை எப்படி மறக்கும்?” என்றார். ஆனால் வாசலில் இறங்கும்போது வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போனார்.

“இப்பதான் ஒட்டின கேப் சார், ரெண்டு நாளைக்குக் கெட்டியா எதையும் கடிக்காதீங்க” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தார் டாக்டரம்மா. பகை வேறு, தொழில் வேறு.

சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் வழக்கத்தைவிடக் கூட்டம். நாய்களின் கடைசி ஊர்வலத்தைப் பார்க்க வந்தவர்கள் பாதி. லாரி அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தார். முதல் மாடி வக்கீல், சட்டப்படி எதுவும் நடக்காமல் போய்விடுமோ என்ற கவலையோடு வந்திருந்தார். பேராசிரியர் வீட்டம்மா மருந்துப் பையோடு கதவோரம் நின்றார். பழைய பேப்பர்காரரின் சாக்கு வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அதன் சொந்தக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

டாக்டரம்மா எழுந்து, சுவரிலிருந்த தீர்மானத்தை உரக்க வாசித்தார். குரைக்க என்ற இடத்தில் நிறுத்தி, நிதானமாக, “சின்ன ‘ர’” என்று சேர்த்துக்கொண்டார்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. வக்கீல் கண்ணாடிச் சட்டத்துக்கு மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். “அட ஆமா. குரைக்க. கையெழுத்து, தேதி, முத்திரை, எல்லாம் செல்லும்” என்று அறிவித்தார்.

“அதனால, மெம்பர்ஷிப் வேணும்னு நினைக்கிறவங்க எல்லாரும்…” என்று டாக்டரம்மா ஒரு மூக்கனைக் கையில் எடுத்தார். பெரிய படிப்புப் படித்து, தொழிலில் பெயரெடுத்து, தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை வெளியூரில் வைத்திருக்கும் ஒரு பெண்மணி, நாலு பேர் முன்னால் குரைக்கப் போகிறாள். இந்த வாசகசாலை மட்டும் இல்லாவிட்டால் தன் வாழ்க்கை எவ்வளவு கௌரவமாக இருந்திருக்கும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்தார். ரொம்பச் சலிப்பாகவும் இருந்திருக்கும் என்று தோன்றியது. படித்தார்.

“மூக்கன் காற்றை முகர்ந்தான். ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். வள்!”

முதல் குரைப்பு மிகவும் சன்னமாகத்தான் வந்தது. பல் பிடுங்கின பூனைக்குட்டிகூட அதைவிட உரக்கக் கத்தும். யாரோ ‘களுக்’கென்று சிரித்தார்கள். டாக்டரம்மாவின் காது மடல் சூடானது.

அப்போது மூலையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மலைப்பாதையில் எதிரே வருகிற வண்டிக்குக் கொடுக்கிற ஹாரன் மாதிரி. “லொள்!” லாரி அண்ணன். “படிங்க டாக்டரே, நான் பின்னாடியே வர்றேன்.”

அதன்பிறகு யார் எப்போது சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு குரைப்பு. வக்கீல்கூட, ஆட்சேபம் தெரிவித்துக்கொண்டே குரைத்தார். மோட்டார் ஓட ஆரம்பித்து அறை நடுங்கியபோதும் யாரும் நிறுத்தவில்லை. லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த தடை அந்தச் சாயங்காலம் வெட்கப்பட்டிருக்கும்.

சத்தம் கேட்டுப் பேராசிரியர் இறங்கி வந்தார். பின்னால் ஓர் ஆள், உரைத் தொகுதிகளைத் தலையில் சுமந்தபடி.

“என்ன கூத்து இது? ஒரு வாசகசாலையில…”

“தீர்மானத்த நிறைவேத்துறோம் சார்” என்றார் டாக்டரம்மா. “எழுத்துக்கு எழுத்து.”

பேராசிரியர் சட்டத்தருகே போனார். படித்தார். அவர் முதுகு மட்டும்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்த முதுகு மெல்ல மெல்ல ஒரு கேள்விக்குறி மாதிரி வளைந்தது.

“இது எழுத்துப் பிழை.”

“ஆமா சார். என் பிழைதான். சின்ன வயசுலேர்ந்து இருக்கு, மருந்தில்ல. ஆனா கையெழுத்து உங்களது. பச்சை மை.”

“உடனே திருத்துங்க.”

“திருத்தலாம்” என்றார் வக்கீல். “அப்போ, தலைவர் கவனிக்காம கையெழுத்துப் போட்டதா ஒரு குறிப்பு எழுதி, சட்டத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும். பிழைதிருத்தப் பட்டியல்னு தலைப்புப் போட்டுக்கலாம்.”

பேராசிரியரின் முகம் வெளுத்தது. டாக்டரம்மாவுக்குப் பாவமாக இருந்தது. விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் கண் தற்செயலாக வாசலுக்குப் போனது. வாயைப் பிளந்த அந்தச் சாக்கு இன்னும் அங்கேயே காத்திருந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“சார், போன வாரம் நான் ஒரு பொய் சொன்னேன். களைச்சு வர்றோம், அதான் லேசா படிக்கிறோம்னு. களைக்காத அன்னிக்கும் நான் இதத்தான் படிக்கிறேன். லீவு நாள்லயும் இதத்தான் படிக்கிறேன். நாளைக்கே வேலைய விட்டுட்டு வீட்டுல கால் நீட்டி உக்காந்தாலும் இதத்தான் படிப்பேன். எனக்குப் பிடிச்சிருக்கு. இது பெரிசா சின்னதான்னு நீங்க அளந்துக்குங்க. பிடிச்சதுக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கேக்குற வேலைய இன்னியோட விட்டுட்டேன். இந்தத் தட்டு இங்கதான் இருக்கும். எடுக்கணும்னா என்னையும் சாக்குல போட்டு எடைக்குப் போடுங்க. நல்ல எடை வருவேன்.”

கதவோரத்திலிருந்து பேராசிரியர் வீட்டம்மா முன்னால் வந்தார். மருந்துப் பையிலிருந்து ஒரு மெல்லிய கவிதைப் புத்தகத்தை எடுத்தார். பேராசிரியர் அந்தப் பையைப் பார்த்த பார்வை, வீட்டில் வந்துபோகும் மாத்திரைகளின் எண்ணிக்கையை முதல்முறையாகச் சந்தேகப்படுகிற பார்வை. அந்தம்மா புத்தகத்தைப் பிரிக்காமலேயே சொன்னார்.

“நீ வந்து கதவைத் திறந்ததும்
ஆட்டிக் காட்ட
எனக்கு வால் இல்லை.
அதனால்தான் கேட்கிறேன்,
‘சாப்பிட்டியா?’”

சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். “இத்தனை வருஷமா தினம் கேக்குறேன். உங்களுக்குப் புரிஞ்சுதா? இது படிச்சதும் புரியுற கவிதைதானே?”

அந்தம்மா நிதானமாக, சபைக்கு நமஸ்காரம் சொல்வது மாதிரி, “வள்” என்றார். பிறகு அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை சத்தமும் வந்தது. லாரி அண்ணனே திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம்.

பேராசிரியர் மறுபடி சட்டத்தைப் பார்த்தார். அறிஞர்கள் சிக்கலில் மாட்டினால் அகராதிக்குள் புகுந்துகொள்வார்கள். அவரும் புகுந்தார். மெல்ல நிமிர்ந்து, மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“ஒரு விளக்கம். குரைத்தல் என்ற சொல்லுக்கு ஒலித்தல் என்றும் பொருள் உண்டு. ஆர்ப்பரிக்கும் கடலைக் குரைகடல் என்கிறோம். ஆகவே, இத்தீர்மானத்தின் பொருள், நாய்க் கதைகளையும் எளிய கவிதைகளையும் உறுப்பினர் அனைவரும் ஒலிக்கச் செய்ய வேண்டும், அதாவது உரக்க வாசிக்க வேண்டும் என்பதே. நான் அறிந்தேதான் கையெழுத்திட்டேன். பிழை ஏதும் இல்லை.”

அறை மூச்சை இழுத்தது. தொகுதிகளைச் சுமந்து நின்ற ஆள், “அப்போ இத எங்க சார் இறக்க?” என்று கழுத்து வலியோடு கேட்டார்.

“திரும்ப மேலே” என்றார் பேராசிரியர்.

“கட்டிலுக்கடியிலதான்” என்று விளக்கம் சேர்த்தார் வீட்டம்மா.

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் கௌரவமாகப் படியேறப் போனார். டாக்டரம்மா விடவில்லை.

“சார், உறுப்பினர் அனைவரும்னு போட்டிருக்கு. நீங்க இன்னும் ஒலிக்கல.”

“டாக்டர்… இப்பதான் ஒட்டின கேப். நீங்கதானே சொன்னீங்க, ஜாக்கிரதையா இருக்கணும்னு.”

“கடிக்கத்தான் கூடாது சார். குரைக்கலாம்.”

வீட்டம்மா குறுக்கே வந்து படியை மறித்துக்கொண்டு நின்றார். “கடல் மாதிரியெல்லாம் வேணாங்க. மூக்கன் மாதிரி போதும்.”

பேராசிரியர் இடம், வலம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். நாக்கை மேல் அண்ணத்தில் வைத்து, இலக்கண சுத்தமாக, “வள்” என்றார். புள்ளி வைத்த ‘ள்’ அப்படியே தெளிவாகக் கேட்டது. இவ்வளவு பிழையில்லாத குரைப்பை அந்தக் கட்டடம் அதற்கு முன் கேட்டதில்லை.

பழைய பேப்பர்காரர் டீயை முடித்துவிட்டு வந்து, உள்ளே எட்டிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைய கூட்டக் குறிப்பையும் டாக்டரம்மாதான் எழுதினார். இந்தத் தடவை பேராசிரியர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மேற்பார்வை பார்த்தார். கடைசி வரிக்கு வந்ததும், “கூட்டம் சிறப்பாக நடந்தது. பெரிய ‘ற’. நாக்கை உதைக்கும், பார்த்துப் போடுங்க” என்றார்.

டாக்டரம்மா பார்த்துத்தான் போட்டார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சின்ன ‘ர’ எது, பெரிய ‘ற’ எது என்று சந்தேகமே இல்லாமல் தெரிந்து, வேண்டுமென்றே விரலை நகர்த்தினார்.

கூட்டம் சிரிப்பாக நடந்தது.

பேராசிரியர் அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை மைப் பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். சுழியோடு.